எண்பத்தேழாம் இலக்கமும் பின்னால் வந்த லொறியும்

சுரேகா புதிதாக ஒன்றை ஆரம்பிக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டால் அந்த வீட்டில் யாரும் தடுக்க மாட்டார்கள். தடுப்பானேன்? எப்படியும் பாதியில் விடத்தானே போகிறாள். அலுமாரிக்குள் ஒற்றைக் கை மட்டும் தைத்து விட்ட ஒரு ஜாக்கெட் மூன்று வருடமாகத் தொங்குகிறது. கேக் ஐசிங் வகுப்பில் ரோஜா இதழ் வரைக்கும் போனாள், இலைக்கு வரவில்லை. வாகனம் ஓட்டப் பழகப் போய், ரிவர்ஸ் எடுக்கச் சொன்ன அன்றைக்கே இறங்கி வீட்டுக்கு நடந்து வந்துவிட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, ஆரம்பிக்கிற விஷயத்தில் அவளை அடிக்க ஆளில்லை. புதுக் கொப்பி வாங்குவாள், புதுப் பேனை வாங்குவாள், மாரியம்மன் கோயிலுக்குப் போய் கற்பூரம் கொளுத்திவிட்டு வருவாள். இரண்டு வாரத்துக்கு, வேலை செய்கிற பார்மசியின் கவுண்டரில் நின்றபடி மருந்து வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அதே பேச்சு. மூன்றாவது வாரம் பேச்சு குறையும். நான்காவது வாரம் யாராவது விசாரித்தால் முறைப்பாள்.

“எங்க சுரேகா பிள்ளையார் சுழி போடுறதுல கெட்டிக்காரி. அதுக்குக் கீழ ஒரு எழுத்து எழுத மாட்டா” என்பாள் நாத்தனார் விஜிதா. சுரேகாவின் புருஷன் சுதர்ஷனுக்கு அக்கா அவள். பக்கத்து வீடு. அவளிடம் எதையும் மறைக்க முடியாது, மறைத்தாலும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்.

இதையெல்லாம் சுரேகா சிரித்துக்கொண்டே கேட்டுப் பழகிவிட்டாள். தைத்தது வேறொரு பேச்சு. ஜனவரியில் ஒரு நாள் அவள் மகள் துஷாரா கணக்கு டியூஷனை விட்டுவிட்டாள். அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. கணக்கில் இருபத்தெட்டுப் புள்ளி. “ஏன்டி போகல?” என்று சுரேகா கத்தினாள். பதினைந்து வயதுப் பிள்ளை கண்ணாடியைப் பார்த்துத் தலைசீவிக்கொண்டே, கோபம் ஒன்றும் இல்லாமல், மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள்: “எனக்கு முடியல, விட்டுட்டேன். நான் உங்க மகதானேம்மா.”

சுரேகா குசினிக்குப் போய்த் தேங்காய் திருவினாள். தேவைக்கு ஒரு பாதி போதும், மூன்று தேங்காய் திருவிவிட்டாள்.

அடுத்த வாரம் பார்மசிக் கண்ணாடியில் யாரோ ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். கொழும்பிலிருந்து ஒரு விளையாட்டுக் கழகம் மாத்தளைக்கு வடக்கே நாவுலப் பக்கத்துக் குளம் ஒன்றில் பந்தயம் வைக்கிறதாம். ஐந்நூறு மீற்றர் நீச்சல், இருபது கிலோமீற்றர் சைக்கிள், ஐந்து கிலோமீற்றர் ஓட்டம். மூன்றையும் ஒரே மூச்சில், மூன்று மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். பழக்கமில்லாதவர்களும் கலந்துகொள்ளலாம் என்று தமிழிலும் போட்டிருந்தது. முழங்கால் வலிக்காக டாக்டர் சொல்லி, ஒரு பள்ளிக்கூடத்து நீச்சல் தடாகத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் பெண்களோடு பெண்களாகச் சுரேகா நீந்தப் பழகிக்கொண்டிருந்த நேரம் அது. அன்றைக்குப் பின்னேரமே பெயரைக் கொடுத்துவிட்டாள்.

“நான் ஜெயிக்கப் போகலங்க. முடிக்கப் போறேன். அவ கண்ணு முன்னால ஒண்ணையாவது முழுசா முடிக்கணும்” என்றாள் சுதர்ஷனிடம். அவன் நல்ல மனுஷன். சரி என்றான். ஆனால் அந்தச் ‘சரி’யில் நம்பிக்கை ஒரு துளிகூட இல்லை. அதுவும் அவளுக்குத் தெரியும்.

ஐந்து மாதம் பழகினாள். ஐந்து மாதம்! விஜிதாவே மதிலுக்கு மேலால் பார்த்து வாயடைத்துப் போனாள். ஆனால் கஷ்டகாலம் சும்மா இருக்குமா? இரவல் வாங்கி வைத்திருந்த கியர் சைக்கிளின் செயின், பந்தயத்தன்று விடியற்காலை வான் வண்டியில் ஏற்றும்போதே அறுந்து தொங்கியது. வேறு வழியில்லை. சுதர்ஷன் கரண்ட் வேலைக்குப் போகும் சைக்கிளைத்தான் எடுத்தார்கள். இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. பின்னால் குறடு, சுத்தியல் வைக்கிற பலகைப் பெட்டி ஆணி அடித்துப் பூட்டியிருந்தது, கழற்ற நேரமில்லை. பெட்டியில் சிவப்பு எழுத்தில், ‘சகல மின்சார வேலைகளுக்கும் அழைக்கவும்’ என்று எழுதி, கீழே சுதர்ஷனின் நம்பர்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முதல்நாள்தான் போசன் போயா, பௌத்தர்களின் பௌர்ணமித் திருநாள். வீதி நெடுக இன்னும் வெள்ளைக் கொடிகள் ஆடிக்கொண்டிருந்தன. கொழும்புக்காரர்களுக்கு அது ஒரு வார இறுதி விடுமுறை, அவ்வளவுதான். போசன் முடிந்த மறுநாள் மாத்தளை வீதிகளில் என்னென்ன நடக்கும் என்று ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை.

ஏழு மணிக்குத் தொண்ணூற்றொரு பேர் குளத்தில் பாய்ந்தார்கள். சுரேகா பாயவில்லை, இறங்கினாள். அவளுக்குத் தெரிந்தது தலை நனையாத நீச்சல் ஒன்றுதான். தண்ணீருக்கு மேலே கழுத்தை நீட்டி, தொலைத்த தோட்டைத் தேடுகிறவள் மாதிரி அங்குமிங்கும் பார்த்துக்கொண்டு போவாள். சுதர்ஷனின் பெரிய டீ-சேர்ட்டுக்குள் காற்றுப் புகுந்து முதுகில் பெரிதாக ஊதிக்கொண்டது. காவலுக்குப் போட்டிருந்த மீன்பிடித் தோணிக்காரர் மூன்று தடவை பக்கத்தில் வந்து, “ஏறுறியா தங்கச்சி?” என்று சிங்களத்தில் கேட்டார். மூன்றாம் தடவை அவள் தண்ணீரைக் குடித்துக்கொண்டே, “நீங்க போங்க ஐயா, உங்க அலை வேற அடிக்குது!” என்று கத்தினாள்.

முப்பத்தாறு நிமிடத்தில் கரையேறினாள். அவளுக்குப் பின்னால் குளத்தில் நீர்க்காகம் மட்டும்தான் இருந்தது. “அடியே, செத்துக்கித்துப் போயிட்டியோன்னு பயந்துட்டேன்” என்றாள் கரையில் காத்து நின்ற விஜிதா. துஷாரா தலை துடைக்கத் துவாயை நீட்டினாள். அம்மாவைப் பார்க்கவில்லை, சைக்கிள் பெட்டியில் இருந்த எழுத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் எல்லாரும் லட்சக்கணக்கில் விலையான சைக்கிளோடு நிற்கும்போது பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வெட்கமாகத்தானே இருக்கும்.

சைக்கிளில் ஏறி அரைக் கிலோமீற்றர் போவதற்குள் பின்னால் ஹோன் சத்தம் கேட்டது. ஒரு சின்ன லொறி. முன்னால் ‘கடைசி வாகனம்’ என்று மட்டை கட்டியிருந்தது. கடைசியாகப் போகிறவருக்குப் பின்னால் ஊர்ந்து வருவதும், முடியாது என்றவர்களை ஏற்றுவதும், வழியில் வைத்த கூம்புகளையும் மட்டைகளையும் பொறுக்கி எடுப்பதும் அதன் வேலை. ஓட்டி வந்தவன் பஸ்லி. உக்குவளைப் பக்கம், இருபத்தெட்டு வயது இருக்கும்.

“அக்கா, களைச்சாச் சொல்லுங்க. பின்னால மெத்தை போட்டு வெச்சிருக்கேன்.”

“களைக்கல தம்பி.”

“களைச்சாத்தான் ஏறணும்னு இல்ல. சும்மாவும் ஏறலாம்.”

சுரேகா திரும்பிப் பார்க்காமல் மிதித்தாள். அவன் விடவில்லை. லொறியை அவள் தோளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு தன் கதையைச் சொல்லத் தொடங்கினான். இன்றைக்கு அவன் மாமா மகனின் வலீமா. கல்யாண விருந்து. பன்னிரண்டரைக்கு சஹன் வைப்பார்கள். ஒரே பெரிய தாம்பாளத்தில் சோறும் இறைச்சியும் கோழியும் குவித்து, சுற்றிவர ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது.

“நம்ம செட் ஆறு பேர் அக்கா. சின்ன வயசிலேருந்து ஒரே சஹன். நான் போகாட்டி என்ட பங்குக் கோழிக்கால அந்த அஞ்சு பேரும் சும்மா விடுவாங்கன்னு நெனைக்கிறீங்களா? இந்தச் சாமான் எல்லாம் டவுன்ல எறக்கணும், குளிக்கணும், உடுப்பு மாத்தணும். நீங்க ஏறினா எல்லாம் சரி. கடைசி ஆள் ஏறிட்டா ரேஸ் முடிஞ்சுது.”

“ஏறமாட்டேன்.”

“அல்லாஹ்வே” என்று பஸ்லி பெருமூச்சு விட்டான்.

வீதி ஏறி இறங்கி ஏறியது. மற்றவர்கள் எல்லாம் கண்ணுக்கு மறைந்து கனநேரம். எட்டாவது கிலோமீற்றர் தாண்டியதும் ஒரு விகாரைச் சந்தியில் இளந்தாரிகள் நாலைந்து பேர் கொடியோடு வீதிக்குக் குறுக்கே பாய்ந்து சைக்கிளை மறித்தார்கள். “நிறுத்துங்க, நிறுத்துங்க, எறங்குங்க!” பெரிய கொட்டகை, நீண்ட வரிசை, ஒலிபெருக்கி.

காலையில் விதி வாசிக்கும்போது சொன்னது சுரேகாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சைக்கிள் ஓட்டத்தில் பாதித்தூரம் போனதும் கொடியோடு ஆட்கள் நிற்பார்கள், இறங்க வேண்டும், குடிக்கவும் சாப்பிடவும் தருவார்கள், கையில் ஒரு பட்டி கட்டுவார்கள், அதோடு திரும்பி வரவேண்டும், கையில் பட்டி இல்லாதவர் முடித்தாலும் முடித்த கணக்கில்லை. கொடி இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். பிறகென்ன? சைக்கிளைச் சாத்திவிட்டு, ஒழுங்காக வரிசையின் கடைசியில் போய் நின்றாள். முன்னால் ஒரு பஸ் சனமே நின்றது. இவ்வளவு பேரா பந்தயத்துக்கு வந்தார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தாள்தான். கைக்குழந்தையோடு ஒருத்தி நின்றதைப் பார்த்து, பரவாயில்லையே, துணிச்சல்காரி என்றுகூட நினைத்தாள்.

மரவள்ளிக்கிழங்குத் தன்சல் அது. போசனுக்குப் போகிற வருகிறவர்களை எல்லாம் மறித்து, புண்ணியத்துக்குச் சாப்பாடு கொடுப்பது. மாத்தளையில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். நூறு தன்சலில் சாப்பிட்டவள். ஆனால் அன்றைக்கு அவள் மண்டைக்குள் பந்தயம் மட்டும்தான் இருந்தது, கண் அதைத்தான் கண்டது.

பஸ்லிக்கோ பார்த்த உடனே விளங்கிவிட்டது. சொல்லியிருக்கலாம். சொல்லாமல் லொறியை ஓரங்கட்டிவிட்டு, அவனும் வந்து வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றான். “ஆறுதலாச் சாப்பிடுங்க அக்கா, என்ன அவசரம்?” என்றான். அவனும் காலையில் சாப்பிடவில்லை, பாவம்.

இருபது நிமிடம் போனது. வாழையிலைத் துண்டில் ஆவி பறக்கும் கிழங்கு, மிளகாய் இடித்த கட்டசம்பல், மேலே தேங்காய்ப்பூ. போட்டதை மிச்சம் வைப்பது மரியாதை இல்லை என்று முழுவதையும் சாப்பிட்டாள். கொட்டகைப் பெரியவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொரு அகப்பை வைத்தார். அதையும் சாப்பிட்டாள். பிறகு கையை நீட்டி, மணிக்கட்டைத் தொட்டுக் காட்டி, சிங்களத்தில், “ஐயா, கையில கட்டிவிடுங்க” என்றாள்.

அவர் முகம் மலர்ந்துபோனது. வேற்றுச் சமயத்துப் பெண் இவ்வளவு பக்தியாகக் கேட்கிறாளே! உள்ளே போய் நூல் உருண்டையை எடுத்து வந்து, காப்புக்காக ஓதிக் கட்டுகிற வெள்ளைப் பிரித் நூலை அவள் மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி, ஆசீர்வாதம் சொல்லி முடிச்சுப் போட்டார். வரிசையில் நின்ற ஒருத்தர் பெட்டியில் இருந்த நம்பரைத் தன் போனில் குறித்துக்கொண்டார், வீட்டில் மெயின் சுவிட்ச் பழுதாம்.

சுரேகா கும்பிட்டுவிட்டு, சைக்கிளை வந்த பக்கமே திருப்பிக்கொண்டு மிதித்தாள். அடேயப்பா, என்ன சந்தோஷம்! பாதி முடிந்துவிட்டது. வயிற்றில் கிழங்கு கனத்தாலும் மனசு இலேசாக இருந்தது. பக்கத்தில் லொறி வந்தது. ஒன்றரைக் கிலோமீற்றருக்கு வாய் ஓயாமல் அவள்தான் பேசினாள்.

“தம்பி, நான் ஒண்ணையுமே முடிச்சதில்ல தெரியுமா? எம் மக பாடத்தப் பாதியில விட்டுட்டா. கேட்டா, உங்க மகதானேங்கிறா. அடிச்சிருந்தாக்கூட அவ்வளவு வலிச்சிருக்காது. இன்னைக்கு நான் போய் அந்தக் கோட்டத் தாண்டுறத அவ பாக்கணும். அது போதும் எனக்கு.” கையைத் தூக்கிக் காட்டினாள். “பாத்தீங்களா, கட்டியாச்சு.”

பஸ்லி அந்த வெள்ளை நூலைப் பார்த்தான். அவனுக்கு மூன்று தங்கச்சிமார். சட்டென்று லொறியை நிறுத்தினான். “அக்கா, நில்லுங்க.”

“என்ன?”

“அது தன்சல்.”

“எது தன்சல்?”

“நீங்க சாப்பிட்டது. இது பிரித் நூல். ரேஸ் பட்டி செவப்பு ரப்பர்ல. கூம்பு வெச்ச எடம் அங்கிருந்து இன்னும் ரெண்டு கிலோமீற்றர் மேல ஈக்குது.”

சுரேகா சைக்கிளை விட்டு இறங்கினாள். நூலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், விகாரைப் பக்கம் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள், ஹெல்மெட் டக்கென்று சத்தம் போட்டது.

“வரிசையில எனக்குப் பின்னால நின்னு தின்னீங்களேய்யா! அப்ப வாயில என்ன இருந்துச்சு?”

“கெழங்கு” என்றான் பஸ்லி தலையைக் குனிந்துகொண்டு. பிறகு மெதுவாக, “அக்கா, ஒருத்தருக்கும் தெரியாது. நான் மூச்சு விடமாட்டேன். நீங்க இப்படியே போய் முடிச்சிருங்க” என்றான்.

“எனக்குத் தெரிஞ்சு போச்சே இப்ப! சொல்லாமலே இருந்திருக்கலாம்ல பாவி, நான் பாட்டுக்குச் சந்தோஷமாப் போயிருப்பேனே!” கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. உண்மையாகவே ஒரு நிமிடம் நினைத்தாள். அப்படியே போய்விடலாம். யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்? பிறகு அந்த ஒற்றைக் கை ஜாக்கெட் மாதிரி இதுவும் உள்ளுக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். அதைத் தாங்க முடியாது என்று தோன்றியது. சைக்கிளை மறுபடியும் திருப்பினாள்.

தன்சல் கொட்டகையை அவள் கடக்கும்போது இளந்தாரிகள் மறுபடி கொடியோடு பாய்ந்தார்கள். “வேணாம்! வேணாம்! நான் சாப்பிட்டவதான்!” என்று கத்திக்கொண்டே பிரேக் பிடிக்காமல் போனாள். பெரியவர் அகப்பையை ஆட்டி வழியனுப்பினார்.

திரும்புகிற இடத்தில் ஒரு குஞ்சு குருமானும் இல்லை. மேசையும் இல்லை, சிவப்புப் பட்டியும் இல்லை. வீதி நடுவே ஒரு செம்மஞ்சள் கூம்பு மட்டும் நின்றது. சுரேகா அதைச் சுற்றினாள். சந்தேகம் வேண்டாம் என்று இரண்டு தடவை சுற்றினாள். “நீங்கதான் சாட்சி” என்றாள். பஸ்லி இறங்கிக் கூம்பைத் தூக்கி லொறியில் போட்டுக்கொண்டு, “வல்லாஹி, சத்தியமா நான் சாட்சி” என்றான்.

குளத்தின் மறுகரையில் சைக்கிளை விட வேண்டும். அங்கிருந்து குளக்கட்டு வழியாகச் சுற்றி ஓடி, காலையில் நீந்தத் தொடங்கிய இடத்துக்கே போய் முடிக்க வேண்டும். மறுகரைக்கு அவள் வந்து சேரும்போது மணி ஒன்பதே முக்கால். அங்கேயும் யாருமில்லை. சைக்கிள் கொழுவுகிற கம்பிகளைக்கூடக் கழற்றி அடுக்கியிருந்தார்கள். பதினைந்து நிமிடத்தில் ஐந்து கிலோமீற்றர் ஓட அவளால் முடியாது, அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் சப்பாத்து நாடாவை இறுக்கிவிட்டு ஓடினாள். ஓட்டம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வயிற்றுக்குள் இரண்டு அகப்பைக் கிழங்கோடு எவளால் ஓட முடியும்? நாலு அடி ஓடினால் எட்டு அடி நடந்தாள். ஒவ்வொரு ஏப்பத்துக்கும் கட்டசம்பல் தொண்டை வரை வந்து போனது.

அப்போதுதான் தண்ணீருக்கு மேலால் ஒலிபெருக்கிச் சத்தம் மிதந்து வந்தது. முதலில் சிங்களத்தில், பிறகு ஆங்கிலத்தில், கடைசியாகத் தட்டுத்தடுமாறிய தமிழில். “இலக்கம் எண்பத்தேழு, சுரேகா சுதர்ஷன், போட்டியிலிருந்து விலகிவிட்டார். போட்டி நிறைவு பெற்றது. அனைவருக்கும் நன்றி.”

சுரேகா அப்படியே நின்றுவிட்டாள். “யாரு விலகினது? நான் எப்ப விலகினேன்?”

லொறியும் நின்றது. பஸ்லி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். “நான்தான் அக்கா. தன்சல்ல நீங்க ரெண்டாந்தரம் கெழங்கு வாங்கினப்ப போன் கோல் எடுத்துச் சொல்லிட்டேன். கடைசி ஆள் எறங்கிச் சாப்பிடுறாங்க, இனி ஓடமாட்டாங்க, ஏத்திக்கிட்டு வாறேன்னு. ரெண்டு அகப்பை தின்ட ஆள் ஓடும்னு நான் எப்படி நெனைப்பேன்? பொறகு எத்தனை தரம் எடுத்துட்டேன், ரேஸ் நடத்துற மனுஷன் போனத் தூக்குறாரில்ல.”

வாயில் வந்தபடி ஏசினாள். அவன் குடும்பத்தை விட்டுவிட்டு, அவன் லொறியை, அவன் சஹனை, அதில் வைக்கப்போகும் கோழிக்காலை எல்லாம் ஏசினாள். ஏசி முடித்ததும் கட்டு ஓரத்தில் ஒரு கல்லில் குந்திவிட்டாள். அக்கரையில் எறும்பு அளவுக்கு ஆட்கள் கூடாரத்தைக் கழற்றுவது தெரிந்தது. விஜிதா இப்போது என்ன சொல்லிக்கொண்டிருப்பாள் என்று அவளுக்குக் கேட்காமலே கேட்டது. அது போகட்டும். அந்தத் தமிழ் அறிவிப்பைத் துஷாராவும் கேட்டிருப்பாள். “நான் உங்க மகதானே” என்று மனசுக்குள் இன்னொரு தரம் சொல்லியிருப்பாள். இனி ஓடி என்ன, நடந்து என்ன?

“அக்கா, ஏறுங்க. நேராப் போய் எல்லார் முன்னாலயும் நான் செஞ்சதச் சொல்றேன்” என்றான் பஸ்லி. “இல்லாட்டி நீங்க இருங்க, நான் முன்னால போய்ச் சொல்லிட்டு வாறேன்.”

அந்தப் பேச்சுத்தான் அவளை எழுப்பியது.

“முன்னால போனீங்கன்னா மண்டைய ஒடைப்பேன்” என்றாள். “நீங்க எனக்குப் பின்னால வந்தாத்தான் நான் ரேஸ்ல இருக்கேன். நீங்க முன்னால போயிட்டா நான் சும்மா கட்டுல நடக்குற பொம்பள. பின்னாலயே வாங்க.”

“சஹன்...” என்று பஸ்லி வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில், “சரி, சரி, அஞ்சு பேரும் தின்னட்டும்” என்று கியரைப் போட்டான்.

இனி அவள் யாருக்காக ஓடினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஓடினாள், நடந்தாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள், மறுபடி ஓடினாள். எருமை ஒன்று கட்டுக்கு நடுவே படுத்திருந்தது, அதைச் சுற்றிப் போனாள். பஸ்லி ஹோன் அடித்து அதை எழுப்பி, பிறகு விரட்டி வந்து பின்னால் சேர்ந்துகொண்டான். பத்து மணி ஆனது. அவள் கையில் மணிக்கூடு இருந்தது, பார்த்தாள், பார்க்காத மாதிரி ஓடினாள்.

கடைசி வளைவுக்கு இன்னும் நானூறு மீற்றர் இருக்கும்போது எதிரே ஒரு ஆள் பாட்டாச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு விழுந்தடித்து ஓடி வந்தான். சுதர்ஷன். கலியாணம் முடித்து பதினேழு வருடத்தில் அவன் ஓடி அவள் பார்த்ததில்லை.

“வர்றியா? நீ வர்றியா?” மூச்சு வாங்கியது அவனுக்கு. “சீக்கிரம் வா புள்ள! அவ எந்திரிக்க மாட்டேங்கிறா!”

“யாரு? என்ன ஆச்சு?” சுரேகா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“துஷாரா! நீ விலகிட்டன்னு மைக்ல சொன்னாங்கள்ல? நாங்க சரின்னு சாமானத் தூக்கிட்டோம். ஆமா, தூக்கிட்டோம், என்னைய ஏசாத. இவ மட்டும், பொய்யின்னுட்டா. அம்மா விலகியிருந்தா லொறி வந்திருக்கும், லொறி வரலன்னா அம்மா வர்றாங்கன்னு சொல்லி, அந்த முடிக்கிற எடத்துல ரப்பர் பாய் விரிச்சிருக்காங்கள்ல, அதுல போய்ச் சம்மணம் போட்டு உக்காந்துட்டா. அவங்க சுருட்ட விடமாட்டேங்கிறா. முக்கால் மணித்தியாலமா உக்காந்திருக்கா, வெயில்ல!”

சுரேகா நடையை விட்டு ஓடத் தொடங்கினாள். கிழங்கும் இல்லை, முழங்காலும் இல்லை. சுதர்ஷன் பக்கத்தில் வெறுங்காலோடு ஓடினான், பின்னால் பஸ்லி ஹோனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

வளைவு திரும்பியதும் தெரிந்தது. முடிகிற இடத்தில் நின்ற காற்றடைத்த தோரணவாயிலைச் சுருட்டி வான் வண்டியில் ஏற்றியாகிவிட்டது. கதிரைகள் அடுக்கியாகிவிட்டது. வெற்று நிலத்தில் ஒரு கறுப்பு ரப்பர் பாய். அதன் இரண்டு முனையையும் இரண்டு ஆட்கள் கையில் பிடித்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். நடுவில் துஷாரா. போட்டியை நடத்திய தொப்பிக்கார மனுஷர் அவளுக்கு முன்னால் குந்தி, சிங்களத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தார். வெயில் படாமல் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றது விஜிதா. அந்த மனுஷர் ஏதோ கொஞ்சம் சத்தமாகச் சொல்ல, விஜிதா குடையை மடக்காமலே அவர் பக்கம் நீட்டி, “புள்ளையத் தொட்டீங்க, தெரியும்!” என்று தமிழிலேயே அதட்டினாள்.

துஷாரா தலையைத் தூக்கிப் பார்த்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. எழும்பவில்லை, கொஞ்சம் நகர்ந்து வழி மட்டும் விட்டாள்.

சுரேகா பாயில் கால் வைத்தாள். நேரம் பதிகிற மெசினை நிறுத்தியிருந்தார்கள், ‘பீப்’ என்ற சத்தம் வரவில்லை. யாரும் கை தட்டவில்லை, சுதர்ஷன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். பஸ்லி மட்டும் லொறியிலிருந்து குதித்து, “முழுசா வந்தாங்க! நான் சாட்சி, கூட மூணு கிலோமீற்றரும் சேர்த்து வந்தாங்க! பொய் சொன்னது நான்தான்!” என்று இரண்டு பாஷையிலும் கத்தினான். தொப்பிக்கார மனுஷர் எழும்பி மணிக்கூட்டைப் பார்த்தார். சங்கடத்தோடு, நாற்பத்திரண்டு நிமிடம் பிந்திவிட்டது, பதக்கம் கொடுக்க விதி இல்லை என்றார்.

“பரவாயில்ல சேர்” என்று சொல்ல நினைத்தாள் சுரேகா. அதற்குள் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மகளுக்குப் பக்கத்தில் அந்தப் பாயிலேயே பொத்தென்று உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதாள். இப்படி அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. விஜிதா குடையை இரண்டு பேருக்குமாகச் சரித்தாள். அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது.

பாய் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மெல்ல, “மகள், இப்ப எடுக்கலாமா?” என்று கேட்டார்.

துஷாரா அம்மாவின் சப்பாத்துகளைப் பார்த்தாள். ஒன்று பாய்க்குள் இருந்தது, மற்றது விளிம்பில் பாதி வெளியே கிடந்தது. அந்தக் காலைக் கணுக்காலில் பிடித்து, பாய்க்கு நடுவே இழுத்து வைத்தாள். கோட்டுக்கு அப்பால் இரண்டு காலும் வந்துவிட்டதா என்று குனிந்து சரிபார்த்தாள். பிறகு எழும்பி, பாவாடையைத் தட்டிவிட்டு, அம்மாவுக்குக் கை கொடுத்துத் தூக்கினாள்.

“முடிஞ்சுது அங்கிள்” என்றாள். “இப்ப சுருட்டுங்க.”